கோட்டுக்கு மேலே கொஞ்சம்

களக், களக், களக்.

கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன், தம்பி. தூக்கம் என்று நினைக்காதீர்கள். ராத்திரி வேலைக்காரனுக்குப் பகலில் வருவதற்குத் தூக்கம் என்று பேர் இல்லை. ஆனால் அந்தச் சத்தம் எங்கே கேட்டாலும் எனக்குத் தெரிந்துவிடும். சின்ன பாட்டில். பாதிக்கு மேல் மருந்து இருக்கிறது. அடியில் மாவு தங்கியிருக்கிறது. இன்னும் குலுக்குங்கள். குலுக்காமல் எடுத்தால் மேலே தண்ணீர்தான் வரும், மருந்தெல்லாம் அடியில் கிடக்கும். கண்ணைத் திறக்காமலே சொல்லிவிட்டேன், பார்த்தீர்களா?

ரத்தம் எடுத்தாயிற்றா? சாப்பிட்ட பிறகு கொடுக்கச் சொன்னார்களா? பையன்தானே. ஈரலா, கிட்னியா? ஈரல். யார் கொடுத்தது? நீங்களேவா!

கொடுத்துவைத்தவர்.

எனக்குப் பெண். கனிஷ்கா. அதோ அந்த நீலக் கதவுக்குப் பின்னால், டாக்டரம்மா அறையில் இருக்கிறாள், அவள் அம்மாவோடு. கிட்னி மாற்றிய பிள்ளை. கிட்னி கொடுத்தது அவள் அம்மா செண்பகம். நான் ஏன் உள்ளே இல்லை என்று கேட்கமாட்டீர்கள், மரியாதை தெரிந்தவர். நானே சொல்கிறேன். உள்ளேதான் இருந்தேன். வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். பெற்ற அப்பனை! ஏதோ செருப்பைக் கழற்றி வெளியே விடுவது மாதிரி.

என்ன குற்றம் செய்தேன்? குறைவாகக் கொடுத்தேனா? அதுதான் இல்லை. என் வாழ்க்கையில் யாருக்கும் எதையும் குறைவாகக் கொடுத்ததில்லை. திருச்சியில் வெங்காய மண்டியில் வந்து சின்னையன் யார் என்று கேளுங்கள். எடை போடுகிறவன். ராத்திரி லாரி வந்து இறங்கினால் விடிகிற வரைக்கும் நான்தான் தராசடியில். இப்போது மின்தராசு வந்துவிட்டது. சிவப்பு எழுத்தில் எண் வந்து நிற்கும். நிற்கட்டும். அது நின்ற பிறகும் இரண்டு வெங்காயத்தை எடுத்து மேலே வைத்தால்தான் எனக்கு மனசு ஆறும். முதலாளி கத்துவார். "ஏய் சின்னையா, உங்கப்பன் வூட்டு வெங்காயமாடா?" என்பார். கத்தட்டும். கூடைக்காரப் பெண்கள் என் தராசுக்குத்தான் வரிசை கட்டி நிற்பார்கள். பக்கத்துத் தராசு சும்மா கிடக்கும், அங்கே போகமாட்டார்கள். "சின்னையண்ணன் கையில ஒரு கொசுறு வரும்" என்பார்கள். அந்தக் கொசுறு இல்லாவிட்டால் அது வியாபாரமே இல்லை, தம்பி. நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு தராசு காட்டுகிற எண்ணை மட்டும் பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்?

படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் பொட்டலம் கட்டி வருகிற தாளைக்கூடப் பிரித்துப் படிக்காமல் போட்டதில்லை. லாரிக்குக் காத்திருக்கிற நேரத்தில் எல்லாரும் சீட்டாடுவார்கள், நான் படிப்பேன். அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று இந்த ஆஸ்பத்திரியில் யாரும் நினைக்க வேண்டாம்.

கிட்னி கொடுக்க நான்தான் முதலில் நின்றேன். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றேன். என் ரத்தம் சேராதாம். செண்பகத்தின் ரத்தம் சேர்ந்ததாம். அவளை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள், என் கையில் அவள் வளையலையும் மூக்குத்தியையும் கொடுத்துவிட்டு. அதைப் பிடித்துக்கொண்டு இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஊருக்குப் போனால் மண்டியில் ஒருவன் கூச்சமில்லாமல் கேட்டான். "ஏண்ணே, நீ குடுக்கலையா? பொம்பளைய அறுக்க விட்டுட்டியா?" நான் கொடுக்கமாட்டேன் என்றா சொன்னேன்? ஒவ்வொருத்தனுக்கும் ரத்த வகையைப் பற்றிப் பாடம் நடத்த முடியுமா? சிரித்துவிட்டு மூட்டையைத் தூக்கினேன்.

சரி. மருந்துக்கு வருகிறேன்.

உங்களுக்கே தெரியும். புது உறுப்போடு உடம்பு சண்டை போடக் கூடாது என்று ஒரு மருந்து கொடுப்பார்கள். அது உடம்பின் காவலையே படுக்க வைத்துவிடும். காவல் படுத்தால், சும்மா கிடக்கிற ஒரு வைரஸ் எழுந்து உட்காரும். அதை அடக்கத்தான் இந்த பாட்டில். உங்களுடையதும் எங்களுடையதும் ஒரே மருந்துதான், வாசனையிலேயே தெரிகிறது.

கீழே மருந்து கவுண்டரில் ஸ்டெல்லா மேடம் என்று ஒருவர் இருக்கிறார். கண்ணாடி போட்டவர், எல்லாரையும் அண்ணே என்பார். அவர்தான் ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றை எடுத்து, மார்க்கர் பேனாவால் நீலக் கோடு போட்டுக் கொடுத்தார். "காலைல சாப்பிட்டதும் இந்தக் கோடு வரைக்கும்ணே" என்றார். செண்பகம் அப்போது தையல் பிரிக்காமல் படுத்திருந்தாள். காலை நேரம் என் பொறுப்பு. மண்டியிலிருந்து வருவேன், குளிப்பேன், தண்ணீர் கொதிக்க வைப்பேன். பிள்ளை நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், புதுக் கிட்னி ஆயிற்றே. இரண்டு தம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றி வைப்பேன். அதன் பிறகு இட்லி, இட்லிக்குப் பிறகு மருந்து. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த முறை வந்தபோது கனி எடை கூடியிருந்தாள். எடைக் கருவியில் அவள் ஏறி நின்றதும் நான்தான் முதலில் படித்தேன். என் தொழிலாயிற்றே. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. நேராகக் கவுண்டருக்குப் போனால், ஸ்டெல்லா மேடம் புது சிரிஞ்சு எடுக்கிறார், சிவப்புக் கோடு போடுகிறார். எங்கே போடுகிறார்? நீலத்துக்குக் கீழே!

"மேடம், புள்ள எடை கூடியிருக்கு. நீங்க அளவைக் குறைக்கிறீங்க?"

"எடைய மட்டும் பாத்துப் போடுற மருந்து இல்லண்ணே இது. ரத்தத்துல உப்பு கொஞ்சம் ஏறியிருக்கு. இந்த மருந்தைக் கிட்னிதான் வெளிய தள்ளணும். கிட்னி சுணங்குனா மருந்து உள்ளயே தங்கும். தங்குச்சுன்னா வெள்ளை அணு விழுந்துரும். அதனால உயரம், எடை, உப்பு மூணையும் பாத்து டாக்டர் கணக்குப் போட்டிருக்காங்க."

"அப்ப இப்படியே குறைச்சுக்கிட்டே போவீங்களா?"

"அடுத்த தடவை திரும்பப் பாப்பாங்கண்ணே. ஏத்தினாலும் ஏத்துவாங்க. நீங்களா ஏத்திராதீங்க. அந்தப் பழைய சிரிஞ்சைத் தூக்கிப் போட்டுருங்க, என்ன?"

தம்பி, என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். எடையில் அடிக்கிற வியாபாரிதான் அதிகம் பேசுவான். ஈரப்பதம் என்பான், தோல் கழிவு என்பான், சாக்கு எடை என்பான். அடுக்கிக்கொண்டே போவான். நாம் தலையாட்டிக்கொண்டிருக்கும்போது சரக்கைக் குறைத்திருப்பான். உயரமாம், எடையாம், உப்பாம்! பிள்ளை பெருத்தால் மருந்தும் பெருக்க வேண்டும். இதற்கு என்ன பெரிய கணக்கு? என் பெண்ணுக்கு வர வேண்டியதைக் குறைக்கிறார்கள், நான் பார்த்துக்கொண்டு நிற்பேனா?

பழைய சிரிஞ்சு என் சட்டைப் பையிலேயே இருந்தது. தூக்கிப் போடவில்லை. யார் போடுவான்?

வீட்டில் செண்பகம் சிவப்புக் கோட்டு சிரிஞ்சைக் கழுவி டப்பாவில் வைப்பாள். அது டப்பாவிலேயே இருக்கும். நான் நீலத்தில் எடுப்பேன். நீலக் கோடு வந்ததும் மனசு ஆறாது. கை தானாக இன்னும் கொஞ்சம் இழுக்கும். கனி சிரிப்பாள். எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு விளையாட்டு. "கோட்டுக்கு ஒண்ணு?" என்பேன். வாயைத் திறப்பாள். "கொசுறுக்கு ஒண்ணு?" மறுபடியும் திறப்பாள். கசப்பைக்கூட முகம் சுளிக்காமல் விழுங்குவாள். அம்மா கிட்னி கொடுத்தாள் என்று ஊரெல்லாம் பேசுகிறது. பேசட்டும். அப்பா கொடுக்கிறது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பிறகு காய்ச்சல் வந்தது.

வாயெல்லாம் புண். இட்லியைத் தொட்டால் அழுவாள். இங்கே கொண்டுவந்து சேர்த்தோம். வெள்ளை அணு தரைக்கு இறங்கிவிட்டது என்றார்கள். தனி அறை. நான் முகமூடி போட்டுக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். அணு ஏற ஊசி போட்டார்கள். இந்த மருந்தை நிறுத்தி வைத்தார்கள். ஏறிவிட்டது. வீட்டுக்குப் போனோம். மருந்தைத் திரும்ப ஆரம்பித்தோம். மறுபடி இறங்கியது! பாருங்கள், எப்படி வைத்தியம் பார்க்கிறார்கள் என்று. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, மருந்து போதவில்லை. நோஞ்சானாகப் போன பிள்ளைக்குக் கூடத்தானே கொடுக்க வேண்டும்? இன்னும் கொஞ்சம் சேர்த்து இழுத்தேன். உடம்பு தேறவில்லை. எவ்வளவு கொடுத்தும் தேறவில்லை என்றால் மருந்தில்தானே கோளாறு? அதை ஒருத்தராவது யோசித்தார்களா?

டாக்டரம்மா சின்ன வயசு. கேட்டார்.

"மருந்து ஒழுங்கா குடுக்குறீங்களாப்பா?"

"ஒரு நாள் தவறினதில்ல, மேடம்."

"கோடு வரைக்கும்?"

"கோட்டுக்குக் குறையாம."

பொய் சொன்னேனா? நீங்களே சொல்லுங்கள். கோட்டுக்குக் குறையாமல்தானே கொடுத்தேன்?

ஏன் பாட்டிலை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டீர்கள்? நான் என்ன பிடுங்கவா போகிறேன்? சும்மா ஒரு வார்த்தைக்குச் சொல்கிறேன். உங்கள் பையனைப் பார்த்தால் மெலிசாக இருக்கிறான். அளக்கும்போது கோட்டோடு நிறுத்தாமல், கொஞ்சம்... சரி, சரி. உங்கள் பிள்ளை, உங்கள் இஷ்டம்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். உள்ளே நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். இன்றைக்கு எடுத்த ரத்தத்திலும் அணு கீழேதான். டாக்டரம்மா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். எல்லா சோதனையும் செய்தாயிற்றாம், காரணம் தெரியவில்லையாம். "வேற வழி இல்லம்மா. கிட்னியைக் காப்பாத்துற மருந்தைத்தான் குறைச்சுப் பாக்கணும். குறைச்சா அணு ஏறலாம். ஆனா உடம்பு கிட்னியை ஏத்துக்காமப் போகவும் வாய்ப்பிருக்கு" என்று செண்பகத்திடம் சொன்னார். செண்பகத்தின் கை இடுப்புக்குப் போனது, அந்தத் தழும்பு இருக்கிற இடத்துக்கு. பிள்ளைக்குள் இருக்கிறதைத் தொட முடியாது இல்லையா, அதனால் எடுத்த இடத்தைத் தொட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா மேடம் வந்து நிற்கிறார், யார் கூப்பிட்டது என்று தெரியவில்லை. கையில் எங்கள் காலி பாட்டில். "டாக்டர், இவங்க பாட்டில் ஒவ்வொரு தடவையும் முன்னாடியே தீந்துருது. சிவப்புக் கோட்டுக்கு இது இன்னும் சில நாள் வரணும். சிந்துதா, என்னன்னு கேளுங்க" என்றார். சிந்துமா? என் கையில் ஒரு சொட்டு சிந்தியிருக்குமா? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வாயைத் திறக்கப் போனேன்.

அதற்குள் கனி சொல்லிவிட்டாள். "சிந்தல. அப்பா எனக்குக் கொசுறு போடுவாரு."

பெருமையாகத்தான் சொன்னாள், தம்பி. பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்லச் சொன்னால் சொல்வாளே, அப்படி.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். ஸ்டெல்லா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். எவ்வளவோ பதில் வைத்திருந்தேன். செண்பகம்தான் திரும்பினாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை "ஏங்க, வாங்க" என்றே பேசுகிறவள். அறுத்துக்கொண்டு வந்து வலியில் கிடந்தபோதுகூட ஒரு வார்த்தை தடித்ததில்லை. அவள் சொன்னாள்.

"நீ வெளிய போ."

நீ. பிள்ளையை வைத்துக்கொண்டு, இரண்டு படித்த பெண்களை வைத்துக்கொண்டு. வெளியே உட்காரச் சொன்னார்கள் என்று முதலில் சொன்னேனே, அவர்கள் எங்கே சொன்னார்கள்? டாக்டரம்மா சொல்லியிருந்தால் பரவாயில்லை. சொன்னது இவள்.

இவளுக்கு என்ன தெரியும்? அவளிடம் கொடுப்பதற்கு ஒன்று இருந்தது, கொடுத்தாள். ஊர் பாராட்டியது. என்னிடம் இருந்தது இந்தக் கை ஒன்றுதான். எண்ணோடு நிற்காத கை. அதையும் குற்றம் என்றால்...

சரி, சாப்பிட்டுவிட்டானா? அளந்து எடுங்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துத்தான் பார்ப்பீர்களோ. நுரையைத் தட்டி விடுகிறீர்கள். கோட்டைத் தாண்டி ஒரு சொட்டுதான் வந்திருக்கிறது. அதையும் திரும்ப பாட்டிலுக்குள் விடுகிறீர்களே! பிள்ளைக்குப் போகிற சொட்டு, தம்பி. ஈரலையே அறுத்துக் கொடுத்தவர், ஒரு சொட்டுக்குக் கணக்குப் பார்க்கிறீர்களே. எப்படி மனசு வருகிறது?

என்ன சொன்னீர்கள்? இன்னொரு தரம் சொல்லுங்கள், இந்தக் கூட்டத்தில் காது கேட்கவில்லை.

"ஈரல்லயும் அளந்துதாண்ணே எடுத்தாங்க. பெரிசா வச்சா அவன் வயித்துக்குள்ள அடங்காதுன்னாங்க." அப்படியா சொன்னார்கள்? உங்களிடமிருந்து கூடுதலாக எடுக்க முடிந்தும் எடுக்கவில்லையா?

ம்.

அளந்தா எடுத்தார்கள்.

இதோ, கதவு திறக்கிறது. அவர்கள்தான். கனியின் கையில் பஞ்சை வைத்து ஒட்டியிருக்கிறார்கள், பாருங்கள், சிரித்துக்கொண்டு வருகிறாள், ஒன்றும் நடக்காத மாதிரி. செண்பகத்தின் முகத்தைப் பார்க்காதீர்கள். நான் பார்க்கவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"கிட்னி மருந்தைக் குறைக்கல."

"குறைக்கலையா? அப்ப..."

"அதான் காரணம் தெரிஞ்சுபோச்சே. வைரஸ் மருந்தைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திட்டாங்க. அணு ஏறினதும் திரும்ப அளந்து குடுப்பாங்களாம். அதுவரைக்கும் ரத்தம் பாத்துக்கிட்டே இருக்கணும்." கையை நீட்டுகிறாள். "எங்க அது?"

"எது?"

"புள்ள எல்லாத்தையும் சொல்லிருச்சு. பையில கைய விடுங்க."

பார்த்தீர்களா, 'விடுங்க' என்கிறாள். திரும்பி வந்துவிட்டது. ஆனால் நீட்டிய கையை மடக்கவில்லை.

இந்தா. நீலக் கோடு பாதி அழிந்துவிட்டது, என் விரல் பட்டுப் பட்டு. இருந்தாலும் அது எங்கே இருக்கும் என்று என் கைக்குத் தெரியும். அதோ, மஞ்சள் குப்பைத் தொட்டிக்குப் போகிறாள். போட்டுவிட்டாள். மூடியைக் காலால் மிதித்துத் திறந்து போட்டாள், கை படாமல்.

"மருந்து இனிமே நான்" என்கிறாள். "நீங்க தொடக் கூடாது. புள்ள தண்ணி கேக்குது, அதைப் பாருங்க."

உத்தரவு! எட்டு ஊருக்கு எடை போட்டவனுக்கு உத்தரவு. ஊருக்குப் போகட்டும், இதைப் பற்றிப் பேசத்தான் போகிறேன். டாக்டரம்மாவிடமும் பேசுவேன். முதல் நாளே ஒருத்தர் என்னை உட்கார வைத்து... சொன்னார்கள்தான். ஸ்டெல்லா மேடம் சொன்னார். அதுவும் நின்றபடி, கூட்டத்துக்கு நடுவில். அதெல்லாம் ஒரு சொல்லா?

கனி, இங்கே வாடா. என்னது? "அப்பா, இனிமே கொசுறு கிடையாதாம்ப்பா"வா? யார் சொன்னது, அம்மாவா? சரி. அம்மா சொன்னால் சரிதான். அழக் கூடாது. வாயில் புண் இருக்கிறது, அழுதால் எரியும்.

அந்தப் பிளாஸ்க்கை இப்படி நகர்த்துங்கள், தம்பி. காலையில் லாட்ஜில் கொதிக்க வைத்தது, இன்னும் சூடு இறங்கவில்லை. இரண்டு தம்ளர் கொண்டுவந்திருக்கிறேன், எப்போதும் கொண்டுவருவேன். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், உங்கள் பையன்மேல் தெறிக்கும். உயரத் தூக்கி ஊற்றினால்தான் சீக்கிரம் ஆறும்.

ஆறிவிட்டதா பார், கனி. இன்னும் கொஞ்சமா? இரு, மறுபடி ஆற்றுகிறேன்.

என்ன பார்க்கிறாய், செண்பகம்? தண்ணீர்தான். இதற்கு யாரும் கோடு போடவில்லை.